பாலியஸ்டரும் பின்கதவும்

துணியில் அச்சடிக்கும் தொழிலுக்குக் கண்ணும் மூக்கும் விரல்நுனியும் போதும், காதுக்கு அதில் வேலையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். முந்தாநாள், இருட்டிய பிறகு, பின்கதவுக்கு வெளியே ‘சர்க்... சர்க்...’ என்று அந்தச் சத்தம் கேட்கும் வரைக்கும்.

முதல் நாள் அதை முசாங் என்று சொல்லிக்கொண்டேன். செம்பனைப் பழத்துக்காக வரும் மரநாய். இரண்டாம் நாள் காட்டுப்பன்றி என்று சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு மூன்றாம் நாள். மரநாய் ஒரே இடத்தில் அரைமணி நேரம் உட்காராது. பன்றி மூக்கை உறிஞ்சாது.

எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீடு. லயத்தில் பாதி வீடு காலி. சிரம்பானுக்கும் சுங்கை காடுட் தொழிற்சாலைகளுக்கும் போனவர்கள் அங்கேயே குடியேறிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஜொகூரில் ஷட்டவுன் வேலைக்குப் போயிருக்கிறார். எண்ணெய் ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கிற வேலை. போனால் ஆறு வாரம். நானும் பதினான்கு மாதத்துப் பாப்பாவும் மட்டும். முன்கதவில் நல்ல தாழ்ப்பாள் இருக்கிறது. பின்கதவில்தான் இல்லை. அதற்குக் காரணம் நான்தான். ஜெர்சி முழுசாக வைத்துச் சூட்டில் அழுத்துகிற பெரிய ஹீட் பிரஸ் வாங்கினேன். அது கதவுக்குள் நுழையவில்லை. அவரும் கூட்டாளிகளும் கதவை நிலையோடு பெயர்த்து மிஷினை உள்ளே தள்ளினார்கள். கதவு திரும்பி வந்தது. தாழ்ப்பாள் மாட்டுகிற பக்கத்து நிலைச்சட்டம் உடைந்து போய் அடுப்புக்கு விறகானது. வெளியே போனால் வெளிச்சுவரில் அடித்த வளையத்தில் பூட்டுப் போடலாம். உள்ளே இருந்தால் ஒரு துணிக்கயிறுதான்.

நேற்று போனில் அவர் சொல்லிவிட்டார். “நீ பயந்துக்கிட்டே கெடந்தா எனக்கு இங்க சாரக் கம்பி மேல நின்னு வேல ஓடாது. நான் வந்ததும் மிஷின வித்துட்டு அக்கா வீட்டுக்குப் போயிடலாம்.” அவருடைய அக்கா வீடு சிரம்பானில் நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிரஸ் இரண்டு ஆள் கனம். மிஷின் அங்கே ஏறாது. ஆகவே நான் பயப்படவில்லை என்று அவருக்கு நிரூபித்தாக வேண்டும். முதலில் எனக்கே நிரூபித்தாக வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே மிஷின் போட்டு, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் சூடுமாகப் பாடுபடும் அக்கா தங்கச்சிமார்களே, பகலில் எனக்குப் பயமே கிடையாது. எந்தத் துணிக்கு எந்த அச்சு என்று என்னைவிடத் தெரிந்த ஆள் இங்கிருந்து கோலா பிலா வரைக்கும் இல்லை. தலைக்கனம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பிழை செய்து செய்து சம்பாதித்த கனம் இது. அந்தப் பிழைகளைத்தான் ஆர்டர் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனா ஓடினால் காது அந்தப் பக்கம் போகாது.

பச்சை மயில்

தொழில் ஆரம்பித்து மூன்று மாதம். எங்கள் தோட்டத்து முருகன் கோயில் தலைவர் திருவிழாத் தொண்டர்களுக்கு நாற்பது சட்டை கேட்டார். மஞ்சள் பாலியஸ்டர், நெஞ்சில் நீல மயில். பாலியஸ்டர் என்றால் சப்ளிமேஷன்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காகிதத்தில் அச்சடித்த மையைத் துணிமேல் கவிழ்த்துச் சூட்டில் அழுத்தினால், மை ஆவியாகி நூலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். துவைத்தாலும் போகாது, தடவினாலும் தெரியாது. பருத்திக்கு இந்த வேலை ஆகாது. முதல் துவையலிலேயே மயில் பறந்துவிடும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அந்த மை கண்ணாடி மாதிரி. அடியில் இருக்கும் துணியின் நிறம் அதன் வழியாகத் தெரியும். வெள்ளைத் துணியில் நீலம் நீலம்தான். மஞ்சள் துணியில் நீலத்தை இறக்கினால் என்ன வரும் என்று பாலர் பள்ளிப் பிள்ளையைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும். நாற்பது சட்டையிலும் பச்சைப் பசேல் என்று ஒரு பறவை. தலைவர் ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருவிழா மறுநாள். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் சட்டையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு சொன்னார்: “அழாதமா. மயிலு கிளியா போச்சு, அவ்ளோதான லா? இந்த வருஷம் மருமகன பாக்க மதுர மீனாட்சியும் வந்திருக்காங்கன்னு மைக்ல சொல்லிடுறேன்.”

மீனாட்சிக்கு முருகன் மருமகன் இல்லை, மகன் முறை என்று நான் திருத்தப் போகவில்லை. நாற்பது கிளி விற்ற சந்தோஷம் எனக்கு. ஆனால் கோயில் ஐயர் விடவில்லை; மைக்கை வாங்கி எல்லார் முன்னாலும் சொன்னார்: “தலைவருக்கு மயிலும் தெரியல, ஒறவும் தெரியல; சட்டையில அச்சடிச்ச பொண்ணுமேல தப்பே இல்ல.”

நெருப்பு பொய் சொல்லாது

ரந்தாவிலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளுக்கு இருபத்தொன்றாம் பிறந்தநாள். மண்டபம் எடுத்து, மேடை போட்டு, கேக்கு வெட்டுகிற பெரிய விருந்து. தன் கல்யாணச் சேலையை வெட்டி மகளுக்குக் கவுன் தைத்து, தோளில் விழும் பகுதியில் மகளின் சின்ன வயசுப் படங்களை வரிசையாக அச்சடிக்க வேண்டும். சந்தன நிறச் சேலை. “சுத்தப் பட்டு, பாத்து செய்” என்று பத்து முறை சொன்னார். சுத்தப் பட்டென்றால் என் பிரஸ் சூட்டில் கருகிப் போகும், மையும் பிடிக்காது என்று நானும் பத்து முறை சொன்னேன். ஆனாலும் சேலையைத் தொட்ட விரல் என்னவோ சொன்னது. கான்வென்டில் தையல் வகுப்பெடுத்த சிஸ்டர், துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி எங்களை முகர்ந்து பார்க்கச் சொல்வார். பருத்தி எரிந்தால் காகித வாடை. பட்டு எரிந்தால் தலைமயிர் பொசுங்கும் வாடை. செயற்கை நூல் எரியாது, உருகும். ஆறினால் கறுப்பாக ஒரு மணி உருளும். நெருப்பு பொய் சொல்லாது என்று முடிப்பார்.

ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். சுருண்டது. உருகியது. கறுப்பு மணி. அக்கா அதை நகத்தால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. மணியைச் சன்னல் வழியே சுண்டி எறிந்துவிட்டு, “அப்ப படம் ஏறுமா?” என்றார். “சூப்பரா ஏறும் அக்கா, பாலியஸ்டருக்குத்தான் அது நல்லா ஏறும்” என்றேன். அவர் முகம் தெளிந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்: “இந்த மணி கதைய என் நாத்தனாருகிட்ட மட்டும் சொல்லிடாத தங்கச்சி. அவ சேல பட்டு இல்லன்னு இருவத்தி ரெண்டு வருஷமா நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

ஜாகா அண்ணன் ஜேக்கட்

தோட்டத்துக் கேட்டில் இருக்கும் ஜாகா, அதாவது காவல்காரர், போர்டிக்சன் ராணுவ முகாமில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை ஜேக்கட்டின் முதுகில் ‘ஜாகா’ என்று பெரிதாக அடித்துத் தரச் சொன்னார். லேபிளைக் கத்தரித்துவிட்டிருந்தார். கழுத்தில் குத்துகிறதாம். நூலைக் கொளுத்தினேன், உருகியது. சரி, பாலியஸ்டர் என்று முடிவு கட்டினேன். அங்கேதான் சறுக்கினேன். நைலானும் உருகும். பாலியஸ்டர் தாங்குகிற சூட்டை நைலான் தாங்காது.

பிரஸ்ஸைத் திறந்தபோது முதுகுப்பக்கம் வறுத்த அப்பளமாகிக் கிடந்தது. எழுத்து மட்டும் ஜம்மென்று இருந்தது. வேறு ஜேக்கட் வாங்கித் தருவது என் பொறுப்பு; தடித்த பருத்தித் துணியில் வாங்கி, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் எழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையை வழித்து இறக்குகிற பழைய முறை. பருத்திக்கு அதுதான் ராஜா. இன்றுவரை ராத்திரியில் அதைத்தான் அவர் போட்டிருக்கிறார். சுருங்கிய ஜேக்கட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு கையை அதற்குள் விட்டுக் காட்டினார், முழங்கையில் நின்றது. “இத உன் பாப்பாவுக்கே வச்சிக்கமா. அது நடக்க ஆரம்பிச்சதும் சொல்லு, கேட்டுல என் ஷிப்ட அதுகிட்ட குடுத்துட்டு நான் போய் படுக்கிறேன்.”

வெள்ளை எண்கள்

தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழுவின் தலைவன் மணியம், சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சிகளோடு வந்தான். முதுகில் வெள்ளை எண் வேண்டும். சப்ளிமேஷனில் வெள்ளை கிடையாது. சிவப்பின் மேல் எதுவும் தெரியவும் தெரியாது. ஆகவே பசை பூசிய பிலிமில் எண்ணை அச்சடித்து, சூட்டில் ஒட்டிக் கொடுத்தேன். பால் வெள்ளை. வெள்ளிக்கிழமை கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை திடலில் இறங்கும்போது பதினான்கு எண்ணும் இளஞ்சிவப்பு. சிவப்புச் சாயம் சூடுபட்டு மெல்லக் கசிந்து வெள்ளைக்குள் ஏறிவிட்டது. உடனே தெரியாது, இரண்டு நாள் கழித்துத்தான் மானத்தை வாங்கும். இப்போதெல்லாம் அடியில் கறுப்புப் பூச்சு உள்ள பிலிம்தான் வாங்குகிறேன், சூட்டையும் குறைத்துவிடுகிறேன். மணியத்துக்குப் புது ஜெர்சியில் அடித்துக் கொடுத்தேன். அவன் கோபிக்கவில்லை. “எதிர் டீம் எங்க முதுக பாத்து சிரிச்சே களச்சிட்டானுங்க கா, மூணு கோல் போட்டோம்” என்றான்.

பழைய ஜெர்சிகளைத் துடைப்புத் துணிக்கு என்று கத்தரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வீட்டுக்காரர் இல்லை. மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிற வேலை. கத்தரிக்கோலுக்குத் தப்பிக் கடைசியாகக் கிடந்தது பத்தாம் நம்பர். அதை எடுத்து மேலே வைத்து அளவு பார்த்தார். நிறம் கெட்டுப்போனது அக்கா, வேறு நல்லதாகத் தருகிறேன் என்றேன். “எனக்கு நம்பரு எந்தக் கலருல இருந்தா என்ன தங்கச்சி? முதுகு எனக்குத் தெரியவா போவுது, வேர்வ சீக்கிரம் காஞ்சா சரி.”

மாமாவின் ஏப்ரன்

கோலா பிலாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து இவருடைய அத்தா வந்து தொடங்கிய கடை. ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடும் ஆட்களுக்கு ஏப்ரன் வேண்டும்; பளபளவென்று பாலியஸ்டரில், நெஞ்சு முழுக்க ரொட்டிப் படம். எனக்குச் சுலபமான வேலை. சப்ளிமேஷனில் சும்மா பறக்கும். முடியாது என்று சொல்லிவிட்டேன். நெருப்பு பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பாலியஸ்டர் போடக்கூடாது மாமா, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், பருத்தியில் எடுங்கள், ஸ்கிரீனில் கடைப்பெயரை அடித்துத் தருகிறேன், ஆனால் படம் இந்த மாதிரி வராது என்றேன். “யாவாரம் பண்ண வந்தியா புள்ள, எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?” என்று காரைக் கிளப்பிக்கொண்டு போனவர், ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். கடைக்குப் பின்னால் தன் பழைய பாலியஸ்டர் சட்டையையே கொளுத்திப் பார்த்தாராம். பருத்தியிலேயே ஆர்டர் கொடுத்தார்.

ஏப்ரன்களை எடுக்க வந்த அன்றைக்குத்தான் பின்கதவைக் கவனித்தார். கதவின் கைப்பிடியையும் சன்னல் கம்பியையும் சேர்த்து ஒரு துணிப்பட்டையால் கட்டியிருந்தேன். ஏன் இத்தனை அழகான பாலியஸ்டர் நாடா கிடக்க, அழுக்குப் பருத்தியால் கட்டியிருக்கிறாய் என்றார். பாலியஸ்டர் முடிச்சு வழுக்கும், பருத்திதான் பிடிக்கும் என்று விளக்கினேன். அதிலும் நான் கெட்டிக்காரி என்று காட்டிக்கொண்டதாக நினைப்பு. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தன் கடைப்பையனிடம் கொடுக்காமல் தானே கொண்டுவந்தார், பழைய கடைக்கதவிலிருந்து கழற்றிய ஒரு முழம் நீள இரும்புத் தாழ்ப்பாள், எண்ணெய்ப் பிசுக்கோடு. “எந்த வேலைக்கு எந்தத் துணின்னு நீ எனக்குச் சொல்லித் தந்தே புள்ள. கதவுக்குத் துணியே ஆகாது, அத நான் ஒனக்குச் சொல்லித் தர்றேன்.”

கிராணிக்கு எழுதிய கடிதம்

தாழ்ப்பாள் வந்துவிட்டது, அது போய் நுழைய நிலைச்சட்டம் இல்லை. வீடு தோட்டத்துச் சொத்து, ஆசாரி ஆபீஸ் ஆள். ஆகவே ஆபீஸ் கிராணியை, அதாவது குமாஸ்தாவை, போய்ப் பார்த்தேன். எழுதிக் கொடு என்றார். கான்வென்டில் படித்தது எதற்கு உதவும் என்று மாமியார் கேட்பார், இதற்கு உதவியது. இங்கிலீஷில் இரண்டு பக்கம். தனியாக இருக்கும் தாய், கைக்குழந்தை, கடைசி வீடு, துணியால் கட்டிய கதவு என்று எழுதியதில் எனக்கே என்மேல் பாவமாக இருந்தது. கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார், ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல். மடித்து பைலில் வைத்தார். “ரொம்ப அருமையா எழுதியிருக்கேமா. ஆசாரி லீவுல போயிருக்காரு, வந்தோன மொத வேலையா இத அவருக்குப் படிச்சிக் காட்டுறேன்.”

பின்கதவு

இந்த இடத்தில் பேனாவை வைக்க வேண்டியதாயிற்று. நடந்ததைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

சத்தம் மறுபடியும். ‘சர்க்... சர்க்...’ சுவரில் எதுவோ உரசுகிறது. பாப்பா பக்கத்து அறையில் தூங்குகிறாள். போனை எடுத்து வீட்டுக்காரரை அழைக்கப் போனேன். அழைத்தால் மிஷின் போச்சு. அது மட்டும்தான் மனதில் வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கிரீனில் மை வழிக்கிற மரக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடிக் கேட்டேன். உடனே தெரிந்தது. இது மிருகம் இல்லை, துணி. சிமெண்டுச் சுவரில் பருத்தி உரசினால் சத்தமே வராது, ‘புஸ்’ என்று அமுங்கிவிடும். இது வழுக்கிக்கொண்டு கிறீச்சிடுகிறது. நூற்றுக்கு நூறு பாலியஸ்டர், ஜெர்சி பின்னல். அப்படியானால் அது மனிதன். அறிவு வந்ததும் பயம் போகும் என்பார்கள். எனக்கு இரண்டு மடங்கானது. ஜாகா அண்ணனாக இருக்குமோ? இல்லை, அவர் பருத்தி.

நிலைச்சட்டம் போன இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து இருக்கிறது. பயந்து பயந்து ஒரு கண்ணை வைத்தேன். வெளியே படியில் யாரோ எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். போன் வெளிச்சம். சிவப்பு முதுகு. அதன் நடுவில், என் வாழ்க்கையில் நான் செய்த மகா பிழைகளில் ஒன்று, இளஞ்சிவப்பில் பளிச்சென்று: பத்து.

“அக்கா!”

லெட்சுமி அக்கா போனைத் தவறவிட்டு, பிடித்து, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்தார். “ஐயோ, உயிரே போயிடுச்சி! ஏன்டி இப்படிக் கத்துற?”

“நீங்க ஏன் அக்கா மூணு நாளா இங்க வந்து குந்தியிருக்கீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் கவிதா சிங்கப்பூரில் வேலைக்குப் போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. இந்த மூன்று நாளாக ஷிப்ட் முடிந்து இந்த நேரத்துக்குத்தான் போனில் முகம் பார்த்துப் பேசுகிறாள். பேசுவதைவிட அழுவதுதான் அதிகம். அக்கா வீட்டில் லைன் கிடைக்காது. என் வீட்டு வை-ஃபை பின்படி வரைக்கும் வரும். வாடிக்கையாளர்கள் படம் அனுப்புவதற்காகப் பாஸ்வேர்டைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். மகள் காதில் மாட்டிய ஒயருக்குள் அழ, இவர் தோள் சுவரில் உரசத் தலையாட்டி மூக்கை உறிஞ்ச, அதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“மொத நாளே கதவத் தட்டியிருக்கலாம்ல அக்கா?”

“உன் லைன திருடிக்கிட்டு உன் கதவையே தட்டுறதா? வெக்கமா இருந்திச்சி. அதோட, நீ கதவ துணியிலதான கட்டியிருக்க. நான் இங்க குந்தியிருந்தா எவனும் கிட்ட வரமாட்டான்னு நெனச்சேன்.”

“நான் உங்களுக்குத்தான் அக்கா பயந்துக்கிட்டு இருந்தேன்!”

இருவரும் பாப்பா எழுந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். முடிச்சை அவிழ்த்து அவரை உள்ளே கூப்பிட்டேன். மேசையில் கிடந்த மாமாவின் தாழ்ப்பாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர், இவ்வளவு பெரிய இரும்பை வைத்துக்கொண்டா துணி கட்டினாய் என்று கேட்டார். சட்டம் இல்லை அக்கா, ஆசாரி வரவேண்டும் என்றேன். அவர் கதவைப் பார்த்தார், கீழே பார்த்தார். “சட்டம் இல்லாட்டி என்ன, தர இருக்கில்ல?” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். காலமான தன் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்ட வைத்திருந்த உளியோடு திரும்பி வந்தார். தாழ்ப்பாளைக் கதவின் அடியில் நட்டுக்குத்தலாக வைத்து, மிஷினோடு வந்த திருப்புளியால் நான் முடுக்கினேன். அது இறங்கும் இடத்தில் அவர் தரையைக் குடைந்தார். பழைய சிமெண்டு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நான் வாரக்கணக்கில் இரண்டு பக்கக் கடிதத்துக்குப் பதில் வருமென்று காத்திருந்த வேலை, கால்மணி நேரத்தில் முடிந்தது.

தாழ்ப்பாளைப் படம் எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். கீழே ஒரே வரி: மிஷின் இங்கேயே இருக்கும், நானும். பதில் உடனே வந்தது. முதலில் ஒரு கட்டைவிரல், பிறகு, ‘சிரம்பான் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன், ரூமை வாடகைக்கு விடட்டும்’.

லெட்சுமி அக்கா வேலை முடிந்தது என்று படிக்குப் போகத் திரும்பினார். கையைப் பிடித்துத் துணிக்கட்டின் மேல் உட்கார வைத்தேன். காது ஒயரைக் கழற்றிவிட்டுக் கவிதாவைத் திரும்ப அழைத்தார். திரையில் அழுது வீங்கிய முகம், அம்மாவின் பின்னால் தெரிகிற விளக்கையும் பிரஸ்ஸையும் பார்த்து, மூன்று நாளில் முதல்முறையாக லேசாகச் சிரித்தது: “அம்மா, இன்னிக்கித்தான் உன் மூஞ்சி தெரியுது. இத்தன நாளா இருட்டுல பேய் மாதிரி இருந்த, அதப் பாத்துத்தான் நான் பாதி அழுதேன்.”

பருத்திக்கு ஸ்கிரீன், பாலியஸ்டருக்குச் சப்ளிமேஷன், நைலானுக்குக் குறைந்த சூடு, பயத்துக்கு எண்ணெய்ப் பிசுக்குப் போகாத ஒரு சாப்பாட்டுக்கடைத் தாழ்ப்பாள் என்று என் தொழிலறிவில் ஒரு வரியைக் கூட்டிக்கொண்டு, இத்தனை நாள் என்னைப் பயமுறுத்திய அந்தச் சத்தத்தையும் உள்ளேயே உட்காரவைத்து, பின்கதவை உள்பக்கமிருந்து தாழிட்டேன்.